சில்லுக்குப் பின்னால் வைத்த கட்டை

அன்று அந்த வளவுக்குள் நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவியின் தமையன். தலைமை ஓடாவி. மரவேலை செய்கிறவரை எங்கள் பக்கம் ஓடாவி என்போம். எனக்கு மச்சான்.

பாலையூற்றுக்காரன். இரண்டாவது ஓடாவி. மாதா கோயிலுக்குப் போகிறவன். சுவரில் ஏறி நிற்கிற வேலையெல்லாம் அவனுடையது.

கந்தளாய் மேசன். சிங்களவர். தமிழ் அரைவாசி கதைப்பார், முழுக்க விளங்கும்.

வீட்டுக்காரி. குவைத்தில் வீட்டுவேலை செய்து அனுப்பிய காசுதான் அந்தச் சுவர்கள்.

வீட்டுக்காரியின் அக்கா. மூதூர்ப் பக்கம் கலியாணம் செய்து போனவர். தங்கச்சி வீட்டுக் கூரைக்கு வளை மரம் வைப்பதைப் பார்க்க முதல் நாளே வந்துவிட்டார்.

நான். பிக்கப்புக்குள்.

பிக்கப் என்னுடையது. பழசு. முன்னுக்கு இரண்டு பேர் இருக்கலாம், பின்னுக்குப் பெட்டி. பெட்டிக்கு மேல் இரும்புச் சட்டம் அடித்து வைத்திருக்கிறேன், நீட்டு மரம் ஏற்ற. மச்சான் கூரை வேலை எடுத்தால் மரம் ஏற்றுவது நான். ஏற்றி இறக்கினால் என் வேலை முடிந்தது என்றுதான் தொடங்கினேன். பிறகு மரத்தை மேலே தூக்குவதும் பிக்கப்பின் வேலையாகிப் போனது. ஆள் கிடைப்பதில்லை. பெடியள் எல்லாம் வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள், மிச்சப் பேர் முச்சக்கர வண்டி ஓட்டுகிறார்கள். எட்டுப் பேர் தோள் கொடுக்க வேண்டிய மரத்தைக் கயிறு கட்டி வண்டியால் இழுக்கிறோம்.

இழுக்கிற விதம் இதுதான். சுவருக்கு மேலே பைப்பால் சாரம் கட்டி, குறுக்குப் பைப்பில் ஒரு கப்பி தொங்கும். கயிறு மரத்தில் இருந்து மேலே போய் அந்தக் கப்பியால் இறங்கும். வளவில் வளர்ந்து நிற்கிற ஒரு மரத்தின் அடியில் இன்னொரு கப்பி. அதால் திரும்பி என் பின் கொழுக்கிக்கு வரும். நான் முன்னுக்குப் போனால் மரம் மேலே போகும். நான் பின்னுக்கு வந்தால் மரம் கீழே வரும். அவ்வளவுதான்.

வீட்டுக்கும் எனக்கும் முதுகு. நான் மரத்தைப் பார்ப்பதில்லை. ஒருவர் சத்தம் போடுவார், நான் அதற்கு ஓடுவேன். ஒரே ஒருவர். மற்ற எல்லாரும் வாயை மூட வேண்டும். இரண்டு வாய் கேட்டால் சாரதி எதற்கு ஓடுவது?

மச்சான் கணக்கு விரலில் இருக்கும். "ரெண்டு விரல் எடு" என்றால் மரம் இரண்டு விரல் அகலம் எழும்ப வேண்டும். "ஒரு விரல் இளக்கு" என்றால் அவ்வளவு இறங்க வேண்டும். கிளட்சில் இருக்கிற காலுக்கு அந்த அளவு பழகிவிட்டது.

வீடு துறைமுகத்துக்கு மேலே சரிவில். றோட்டும் சரிவு, ஒரு வண்டி மட்டும் போகும். நான் மேட்டைப் பார்த்து நின்றேன். கீழே பின்னால் வீடு. பக்கக் கண்ணாடியில் வேப்பமரமும் அதற்கு அங்கால் துறைமுகத் தண்ணீரும் ஒரு சாம்பல் நிறக் கப்பலும் தெரிந்தன. வீடு தெரியவில்லை.

சரிவில் நிற்கிறபடியால் வண்டியும் பின்னுக்கு வரப் பார்க்கும், மரமும் பின்னுக்கு இழுக்கும். ஹான்ட் பிரேக் அந்தப் பாரத்துக்குக் காணாது. அதற்குத்தான் மேசன். கையில் ஒரு பாலைக்கட்டை, ஒரு பக்கம் சரிவாகச் சீவினது. நான் முன்னுக்குப் போகப் போக அவர் பின் சில்லோடு கட்டையைத் தள்ளிக்கொண்டே வருவார். நிப்பாட்டு என்றால் கட்டையை இறுக்குவார். வண்டி அதில் சாயும். இப்படி எத்தனையோ கூரை ஏற்றிவிட்டோம்.

அன்று ஏற்றியது முகட்டு வளை. கூரையின் நடு முதுகில் ஓடுகிற பெரிய மரம், எல்லாக் கைமரமும் அதில்தான் வந்து சாயும். பாலை மரம். வீட்டுக்காரி இரும்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

"இரும்புக்கு நாள் பாக்க ஏலாதே," என்றாள்.

நாள் பார்த்திருந்தார்கள். காலை ஒன்பதுக்கும் ஒன்பதரைக்கும் இடையில் வளை இருக்க வேண்டும். வடக்குத் தலையை முதலே சுவரில் ஏற்றி வைத்துவிட்டோம். தெற்குத் தலை மட்டும் மிச்சம். அதை நல்ல நேரத்துக்குள் தூக்கிச் சுவரில் விட்ட பள்ளமான காடியில் இருத்த வேண்டும். மரத்தின் நடுவில் கட்ட மஞ்சள் துணி ஒன்று, அதற்குள் முடிய ஒரு நாணயம், தேங்காய், கற்பூரம் எல்லாம் ஒரு தட்டத்தில் வாசலில் இருந்தன.

அக்கா தட்டத்துக்குப் பக்கத்தில் நின்றார். வாட்டசாட்டமான மனிசி. வயல் வேலை செய்த கை.

"தம்பி, வளை எழும்பேக்க நான் குரவை போடுவன். ஆரும் வேண்டாமெண்டு சொல்லாதேங்கோ," என்று மச்சானிடம் சொன்னார். குரவை என்றால் நல்ல காரியத்துக்குப் பெண்கள் நாக்கை அடித்து எழுப்புகிற சத்தம்.

"தாராளமாப் போடுங்கோ அக்கா. பிக்கப் இழுக்காட்டியும் உங்கட குரவைக்கு மரம் தானா எழும்பும்."

"பகிடியோ?"

"பகிடி இல்லை. உங்கட ஊர்க் குரவை கடலுக்கு இஞ்சால கேக்குமாம்."

பாலையூற்றுக்காரன் சுவருக்கு மேல் இருந்து, "அக்கா, எங்கட ஆக்களுக்குக் குரவை இல்லை. எனக்கும் சேத்து ஒண்டு போட்டுவிடுங்கோ," என்றான்.

"உனக்கெண்டா உன்ர கலியாணத்துக்குப் போடுறன். முதல் பொம்பிளையைத் தேடு."

"அதுக்கும் இந்தப் பிக்கப்பாலதான் இழுக்க வேணும்," என்றார் மேசன். தமிழில்தான் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

பிறகு மச்சான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். "இனி ஒருத்தரும் கதைக்கக் கூடாது. என்ர வாய் மட்டும்."

எல்லாரும் ஓம் என்றார்கள். கதைக்க வேண்டாம் என்றால் கதைக்க வேண்டாம். குரவையைக் கதை என்று ஒருவரும் எண்ணவில்லை. மச்சானும் எண்ணவில்லை. நானும் எண்ணவில்லை.

ஒன்பது தாண்டியதும் தேங்காய் உடைத்தார்கள். நான் கதவுக் கண்ணாடியை முழுதாக இறக்கிவிட்டு முதல் கியரைப் போட்டேன். சில்லு வழுக்காமல் இருக்கப் பின்பெட்டியில் மணல் மூட்டை அடுக்கியிருந்தேன்.

"எடு," என்றார் மச்சான்.

எடுத்தேன். கயிறு முறுகியது. நைலோன் கயிறு. முதலில் அது இழுபடும், பிறகுதான் மரம் அசையும். மேசன் கட்டையோடு வந்தார். கட்டை நிலத்தில் உரசுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"எடு. எடு. நல்லா வருது. எடு."

வண்டி ஏறிக்கொண்டிருந்தது.

"இப்ப மெதுவா. நாலு விரல்."

நாலு விரல் எடுத்தேன்.

"ரெண்டு விரல்."

அப்போது குரவை எழும்பியது.

அந்த மாதிரி ஒரு சத்தத்தை நான் பக்கத்தில் இருந்து கேட்டதில்லை. நாக்கு அடிக்கிற அடியில் வேப்பமரத்துக் காகம் எல்லாம் எழும்பின. மரத்தின் தலை சுவருக்கு மேலே வந்ததைக் கண்டு போட்டது. நல்ல மனசோடு போட்டது. அதற்குள் வேறு ஒரு சத்தமும் எனக்கு வரவில்லை. இரண்டு விரல் கேட்டிருந்தார், இரண்டு விரலுக்கு என் கால் போய்க்கொண்டிருந்தது. நிப்பாட்டு என்று சொன்னால்தான் நிப்பாட்டுவேன். சொல்லவில்லை என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் போனேன்.

மேசன் வண்டியின் பக்கத் தகரத்தில் அடித்தார். கைமுட்டியால் அடித்த அடி. உடனே பிரேக்கை மிதித்தேன். அவர் கட்டையைச் சில்லுக்குப் பின்னால் அடித்து இறுக்கினார். வண்டி அதில் சாய்ந்து நின்றது.

குரவை பாதியில் அறுந்தது.

பிறகு பாலையூற்றுக்காரனின் சத்தம். சொல் ஒன்றும் இல்லை. ஒரு தரம்தான். அதற்குப் பிறகு அவன் சத்தம் போடவில்லை.

எனக்கு வீடு தெரியாது என்று சொன்னேன் அல்லவா. கண்ணாடியில் கப்பல் அப்படியே நின்றது.

"என்ன?" என்று கேட்டேன்.

"கை," என்றார் மேசன். "கை மாட்டி. பைப்புக்கும் மரத்துக்கும் நடுவில."

வளையின் தலையைக் காடிக்கு நேராகக் கொண்டுவர அவன் இடது கையை மரத்துக்கு மேல் வைத்துப் பிடித்திருக்கிறான். அப்படித்தான் பிடிப்பது. மரம் நிற்க வேண்டிய இடத்தில் நின்றால் ஒன்றும் இல்லை. நிற்கவில்லை. மேலே போய், கப்பி தொங்குகிற குறுக்குப் பைப்போடு அவன் விரல்களை வைத்து அமத்திவிட்டது.

இடது கை. ஓடாவிக்கு உளி பிடிக்கிற கை அது.

"பின்னுக்கு வரட்டே?" என்று கத்தினேன்.

"வேண்டாம்! அசையாத!" இது மச்சான்.

வரவும் ஏலாது. அதை எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. வண்டி கட்டையில் சாய்ந்துவிட்டது. கட்டையை எடுக்க வேண்டும் என்றால் வண்டி ஒரு கொஞ்சம் முன்னுக்குப் போக வேண்டும். எப்போதும் அப்படித்தான் எடுப்போம். முன்னுக்கு ஒரு அசைவு, கட்டை கழலும், பிறகு பின்னுக்கு. இப்போது முன்னுக்குப் போனால் மரம் இன்னும் மேலே ஏறும். ஏறினால் அந்தக் கை முடிந்தது.

மேசன் சுத்தியலை எடுத்தார். "அடிச்சி எடுக்கவா?"

"அடிக்க வேண்டாம்," என்றேன். அடித்தால் கட்டை ஒரேயடியாகப் பறக்கும். வண்டி ஒரு துள்ளல் துள்ளி இறங்கும். மரமும் அப்படியே விழும். மரத்தோடு அவனும் வருவான். இரண்டு ஆள் உயரம், கீழே கல்லும் கம்பியும்.

மேசனும் அதைக் கண்டார். சுத்தியலைக் கீழே வைத்தார். பின் சில்லுக்குப் பக்கத்தில் குந்தி நிலத்தைப் பார்த்தார். பிறகு இடுப்பில் செருகியிருந்த சாந்துக் கரண்டியை எடுத்தார்.

"அண்ணா. மண்ணை எடுக்கிறன். கட்டைக்குப் பின்னால. கொஞ்சம் கொஞ்சம். கட்டை தானாப் பின்னுக்குப் போகும். நீங்க பிரேக்கில நில்லுங்க."

அது சரி. வேறு வழியும் இல்லை.

வீட்டுப் பக்கம் மச்சான் சாரத்தில் ஏறுகிற சத்தம் கேட்டது. அவனைப் பிடிக்க ஒருவர் வேண்டும். மயங்கி விழுந்தால் கையோடு தொங்குவான். மச்சான் மேலே போய் அவனை இடுப்போடு கட்டிப் பிடித்தார். அப்படிப் பிடித்தபடி அவர் சொன்னால் எனக்குக் கேட்காது. எஞ்சின் ஓடுகிறது. நிப்பாட்டவும் ஏலாது, எஞ்சின் நின்றால் பிரேக் கல்லாகிவிடும், அளந்து விட முடியாது.

"அக்கா!" என்று மச்சான் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. "அக்கா, இஞ்ச வாங்கோ. வேம்புக்குக் கீழ நில்லுங்கோ. நான் சொல்லுறதை அப்படியே அங்கால சொல்லுங்கோ. உங்கட வாய்தான் கேக்கும்."

"தம்பி, நான் மாட்டன். என்னாலதான்…"

"அழுறதுக்கு இப்ப நேரமில்லை. வாங்கோ."

அக்கா வந்தார். கண்ணாடியில் இப்போது வேப்பமரமும் அவரும். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். முகம் வெள்ளையாக இருந்தது.

"சொல்லுங்கோ தம்பி," என்றார் வீட்டைப் பார்த்து. பிறகு என்னைப் பார்த்து, "கேக்குதோ?"

"கேக்குது."

மேசன் சுரண்டத் தொடங்கினார். அந்த மண் செம்மண்ணும் கல்லும். கரண்டி கல்லில் படுகிற சத்தம் பல்லில் கூசியது. நான் பிரேக்கை முழுக்க மிதித்து நின்றேன்.

"ஹரி," என்றார் மேசன். சரி என்று அர்த்தம். "கொஞ்சம் விடுங்க. ஹெமின். ஹெமின்."

ஹெமின் என்றால் மெதுவாக. விட்டேன். வண்டி பின்னுக்குச் சாய்ந்தது, கட்டை ஒரு நகம் அளவு வழுக்கியது, நின்றது. திரும்ப மிதித்தேன்.

அக்கா வீட்டைப் பார்த்தார். திரும்பி, "ஒண்டும் அசையேல்லையாம்!"

நைலோன் கயிறு. இழுபட்டதை முதலில் கயிறு திருப்பி எடுக்கும். அது எடுத்து முடியும் வரை மரம் அப்படியே நிற்கும். எனக்குத் தெரியும். மேலே இருக்கிறவனுக்கும் தெரியும். தெரிந்து என்ன?

திரும்பச் சுரண்டல். திரும்ப ஹரி. விட்டேன், மிதித்தேன்.

"இல்லையாம்!"

அப்போது மேட்டில் ஒரு முச்சக்கர வண்டி திரும்பி என் முகத்துக்கு நேரே இறங்கி வந்தது. ஹோர்ன் அடித்தான். ஒரு வண்டி போகிற றோட்டு. நான் என்ன செய்ய? கையைக் காட்டினேன். அவன் எனக்கு முன்னால் வந்து நிப்பாட்டித் திரும்பவும் அடித்தான்.

வீட்டுக்காரி ஓடி வந்தாள். அவள் அதுவரை எங்கே நின்றாள் என்று எனக்குத் தெரியாது. வண்டிக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"என்ன அக்கா, றோட்டை வாங்கிப்போட்டீங்களோ?" என்றான் அவன்.

"ஓம், வாங்கிப்போட்டன். ஹோர்னை விடு. மேல ஒருத்தன்ர கை மாட்டியிருக்கு. எங்களுக்குச் சத்தம் கேக்க வேணும்."

அவன் எட்டி வீட்டைப் பார்த்தான். எஞ்சினை நிப்பாட்டினான். பிறகு இறங்கி அவளுக்குப் பக்கத்தில் நின்றான்.

என் தொடை துள்ளத் தொடங்கியது. பிரேக்கில் கன நேரம் கால் வைத்தால் அப்படித்தான். முதலில் கொஞ்சம், பிறகு நிப்பாட்ட ஏலாது. கால் துள்ளினால் பிரேக் துள்ளும். பிரேக் துள்ளினால் கயிறு துள்ளும். ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முழங்காலை அமத்திப் பிடித்தேன். வேர்வை கண்ணுக்குள் போனது. துடைக்கக் கை இல்லை.

"ஹரி. ஹெமின்."

விட்டேன். கட்டை இந்தத் தரம் கூட வழுக்கியது. நான் நினைத்ததைவிடக் கூட. மிதித்தேன். மணல் மூட்டை பின்னுக்குச் சரிகிற சத்தம்.

அக்கா வீட்டைப் பார்த்தபடி நின்றார். திரும்பவில்லை.

"என்ன?" என்றேன். "அக்கா, என்ன?"

"அரை விரல்!" அவர் திரும்பினார். "அரை விரல் இறங்கிட்டாம்! இன்னும் ஒரு விரல் வேணுமாம். ஒண்டுதானாம்!"

மேசன் கையால் மண்ணை அள்ளினார். கரண்டியை எறிந்துவிட்டுக் கையால். சில்லுக்குப் பின்னால் கை வைத்து யாரும் வேலை செய்வதில்லை. நான் அவரைக் கண்ணாடியில் பார்த்தேன். அவரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் முழங்காலை இன்னும் அமத்தினேன்.

அவர் கையை எடுத்தார். "ஹரி."

விட்டேன்.

"வந்திட்டுது!" அக்காவின் குரல். "கை வந்திட்டுது! நில்லுங்கோ! நில்லுங்கோ!"

நின்றேன்.

இறங்கி ஓட வேண்டும் போல இருந்தது. ஏலாது. மரம் இன்னும் கயிற்றில்தான் தொங்குகிறது. நான் காலை எடுத்தால் எல்லாம் கீழே. அதனால் அப்படியே இருந்தேன்.

அக்கா திரும்ப வீட்டைப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஏதோ கேட்டார். அவர் முகம் மாறியது.

"என்ன சொல்லுறாங்கள்?"

"இறங்கமாட்டானாம். வளையை இருத்திப்போட்டுத்தானாம் இறங்குவான்."

"விசரோ அவனுக்கு?"

"மரத்தைத் தொங்க விட்டுட்டுச் சாரத்தால இறங்க ஏலாதாம். ரெண்டு விரல் இளக்கட்டாம்."

அது உண்மைதான். தொங்குகிற மரத்துக்குக் கீழாகத்தான் ஏணி. இரண்டு விரல் இளக்கினோம். மேசன் சுரண்ட, நான் விட. அவன் வலது தோளால் மரத்தைத் தள்ளினானாம். இடது கையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி. மரம் காடிக்குள் இருந்த சத்தம் எனக்கும் கேட்டது. ஒரு கனத்த சத்தம். கயிறு தொய்ந்தது. பெடலுக்குக் கீழே பாரம் குறைந்ததைக் கால் உணர்ந்தது.

நேரம் எத்தனை என்று ஒருவரும் பார்க்கவில்லை. குரவை இல்லை.

மச்சான் அவனை இறக்கிக் கொண்டுவந்தார். கையைப் பார்க்க விடவில்லை. வீட்டுக்காரி தட்டத்தில் இருந்த மஞ்சள் துணியை எடுத்து ஓடி வந்தாள். வளையில் கட்ட வைத்திருந்த துணி. அதை அவன் கையில் சுற்றினாள். அந்தத் துணி சிவப்பாகப் போவதை நான் பார்த்தேன். மேசன் கொழுக்கியில் இருந்த கயிற்றை அறுத்தார். அவிழ்க்கவில்லை, அறுத்தார்.

முச்சக்கர வண்டிக்காரன் பின்னுக்கு எடுத்துக்கொண்டே போய் மேட்டில் வழி விட்டான். நான் நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். பாலையூற்றுக்காரன் என் பக்கத்தில் இருந்தான். சந்தையடியில் பஸ் ஒன்று குறுக்கே நின்றது. நான் ஹோர்னில் இருந்து கை எடுக்கவில்லை.

அவன் கண்ணை மூடியிருந்தான். திறக்காமலே சொன்னான்.

"அண்ணன், உங்கட எஞ்சின் என்ர கையுக்குள்ள ஓடினது."

"என்ன?"

"கயிறு நடுங்கினது. மரம் நடுங்கினது. நீங்க எப்ப கால் வைக்கிறீங்க, எப்ப எடுக்கிறீங்க எண்டு எனக்குத் தெரிஞ்சுது. ஒருக்கா உங்கட கால் துள்ளினது."

"ஓம்."

"அப்ப நான் உங்கட மாதாவையும் சேத்துக் கும்பிட்டன்."

"எங்களுக்கு மாதா இல்லையடா. அம்மன்."

"ஆரோ ஒருத்தி," என்றான்.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல் எலும்பு நொருங்கிவிட்டது என்றார்கள். மோதிர விரலும் சுண்டு விரலும். கம்பி வைத்திருக்கிறோம், நிற்குமோ நிற்காதோ இப்போது சொல்ல ஏலாது என்றார்கள். கை முழுக்க வெள்ளைத் துணியால் சுற்றி, ஒரு பொதியாக்கிக் கழுத்தில் தொங்கவிட்டார்கள். இடையில் ஒருக்கால் திரும்ப வெட்டித் தைத்தார்கள். என்ன வெட்டினார்கள் என்று அவன் கேட்கவில்லை. எனக்கும் கேட்க வாய் வரவில்லை.

கூரை வேலையை நாங்கள் முடித்தோம். கைமரம், ஓடு தாங்குகிற சலாகை, ஓடு எல்லாம். அவன் இடத்துக்கு ஆள் வைக்கவில்லை. மச்சானே சுவரில் ஏறினார். அவன் வேலை இல்லாமல் வீட்டில் இருக்க மாட்டான், காலையில் வந்து பிக்கப்பில் என் பக்கத்தில் ஏறிக்கொள்வான். மரம் ஏற்றுகிற இடத்தில் கீழே நின்று, "அந்த மரத்தில கணு இருக்கு, எடுக்காதேங்கோ," என்பான். பொதி கழுத்தில் தொங்கும். அதைப் பற்றிக் கதைப்பதில்லை. ஒரு நாள் மட்டும், "உளியைப் பிடிக்க மூண்டு காணும். ஆனா மரத்தைப் பிடிக்கக் காணாது," என்றான். நான் றோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

அக்கா அடுத்த நாளே மூதூருக்குப் போய்விட்டார். தங்கச்சிக்கு ஒவ்வொரு நாளும் போன் எடுத்து அந்தத் தம்பியின் கை எப்படி என்று கேட்பாராம். வேறு கதை இல்லையாம்.

குடிபுகுகிற நாளில் திரும்ப வந்தார். எங்களுக்கும் சொல்லியிருந்தார்கள். புதுக் குசினியில் பால் பொங்கியது. எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அவர் சுவரோடு நின்றார். வாய் திறக்கவில்லை.

"அக்கா," என்றான் பாலையூற்றுக்காரன். பொதி அப்படியே தொங்கியது.

"என்னால ஏலாது தம்பி. அண்டைக்கு நான் வாயை மூடியிருந்தா…"

"அண்டைக்கு நீங்க வாயைத் திறந்தபடியால்தான் நான் கீழ வந்தனான். முதல் போட்டது பிழை, பிறகு போட்டது சரி. கணக்கு முடிஞ்சுது. இப்ப போடுங்கோ."

"உன்ர கை?"

"கை ஆஸ்பத்திரிக்காரற்ற பாடு. பால் பொங்கி வழியுது. போடுங்கோ."

அவர் போட்டார். அன்று போட்டது மாதிரி இல்லை. நடுவில் குரல் உடைந்தது. ஆனால் முடித்தார். கந்தளாய் மேசன் தலையைக் குனிந்துகொண்டார்.

இப்போது நாங்கள் மரம் ஏற்றினால் மச்சான் முதலில் சொல்வது வேறு. "கதைக்கவும் கூடாது, குரவையும் கூடாது, மணியும் கூடாது. மரம் இருந்த பிறகு நான் கையைத் தூக்குவன். அப்ப ஊரைக் கூட்டுங்கோ." சனம் ஒரு மாதிரிப் பார்க்கும். ஆனால் கேட்கும். கட்டையும் ஒன்று இல்லை, ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று, நடுவில் மண் நிரப்பிய சாக்கு. சாக்கைக் கத்தியால் கீறினால் மண் ஓடும், வண்டி தானாக இறங்கும். அது மேசன் கண்டுபிடித்தது.

பாலையூற்றுக்காரனின் கைத் துணி அவிழ்க்கிற நாள் வந்தது. நான்தான் கூட்டிப்போனேன். உள்ளே வரட்டோ என்று கேட்டேன். வேண்டாம் என்றான். ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே மர நிழலில் பிக்கப்பை விட்டுவிட்டு இருந்தேன். எஞ்சினை நிப்பாட்டினேன். ஹான்ட் பிரேக்கைப் போட்டேன். இடம் மட்டமான இடம், சரிவே இல்லை. ஆனாலும் காலைப் பிரேக்கில்தான் வைத்திருந்தேன். கன நேரம் கழித்துத்தான் அதைக் கண்டேன்.

அவன் வெளியே வந்தான். இடது கை காற்சட்டைப் பைக்குள். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. றோட்டைக் கடந்து வந்து கதவைத் திறந்து ஏறினான். கதவைச் சாத்தினான். நான் அவனைப் பார்க்கவில்லை.

"போவமோ?" என்றேன்.

"பொறுங்கோ."

கையைப் பையில் இருந்து எடுத்து எனக்கு முன்னால் டாஷ்போட்டில் விரித்து வைத்தான். தோல் வெளிறிச் சுருங்கிக் கிடந்தது. தையல் கோடு மணிக்கட்டு வரை ஓடியது. மோதிர விரல் கொஞ்சம் வளைந்திருந்தது, ஆனால் இருந்தது. அதை ஆட்டிக் காட்டினான். சுண்டு விரல் நடுக் கணுவோடு நின்றுவிட்டது.

"எண்ணுங்கோ," என்றான்.

எண்ணினேன்.

"மனசுக்குள்ள இல்லை. வாயால."

திரும்பவும் பெருவிரலில் இருந்து தொடங்கினேன்.

நாலரை.